அப்பாவின் அறையில் இருபத்துநான்கு டிகிரி

சென்னையில் ஒயினுக்கு வயதேற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவன் முதலில் ஊரை மாற்ற வேண்டும்; அல்லது ஆசையை. எனக்கு இரண்டுக்கும் வக்கில்லை. என் வயதில் மற்றவர்கள் சர்க்கரையைக் குறைக்கிறார்கள், கைலாய யாத்திரைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். நான் ஒயினைப் பற்றிப் புத்தகம் படித்தேன். படித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

பிரெஞ்சுக்காரன் பாட்டிலைப் பாதாள அறையில் கிடத்துவான். மயிலாப்பூரில் பாதாளத்தைத் தோண்டினால் மெட்ரோ வரும். தி. நகரில் ஒரு கடையில் ஒயின் பாட்டில்கள் மேற்கு பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், நேர் வெயிலில், தேசிய கீதம் கேட்டதுபோல் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன. வாங்கி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கடையிலேயே அவற்றுக்கு முதுமை வந்திருந்தது.

அதனால் பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைப் பக்கம் இருக்கும் சின்ன ஒயின் ஆலைகளைத் தேடிப் போனேன். முதல் இரண்டு இடங்களில் செல்ஃபிக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். பல வருஷம் வைத்திருக்கத் தகுந்த ஒயின் உண்டா என்று கேட்டேன். பீட்சா உண்டு என்றார்கள். மூன்றாவது ஆலையில் ஊஞ்சல் இல்லை. ஒயின் தயாரிப்பவர் ஓசூர்க்காரப் பெண்மணி.

"நம்ம வெயிலுக்குத் திராட்சை வேகமாப் பழுத்துடும் சார். இனிப்பு ஏறும், புளிப்பு இறங்கிடும். புளிப்பும் துவர்ப்பும் இல்லாத ஒயினுக்கு வயசு ஆகாது. கெட்டுத்தான் போகும்."

மேட்டில் ஒரே ஒரு தோட்டம் மட்டும் இரவில் நன்றாகக் குளிரும் என்றும், அந்தப் பழத்தில் செய்த ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின் எட்டு வருஷம் தாங்கும் என்று நினைப்பதாகவும் சொன்னார்.

"நினைக்கிறீங்களா?"

"வச்சுப் பாத்தவங்க யாருமில்லையே சார். எல்லாரும் அதே வாரத்துல குடிச்சுடறாங்க."

வைத்துப் பார்க்கும் முதல் ஆள் நான்தான் என்று தீர்மானித்து நான்கு பாட்டில்கள் வாங்கினேன். எதிலும் முதலாக வந்திராதவனுக்கு வேறென்ன வேண்டும்?

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டில் இரவும் பகலும் ஒரே சீராக இருந்தது ஒரே ஓர் அறை, அப்பாவினுடையது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானவர். முதுகில் புண் வராதிருக்க அறை சூடாகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஏ.சி. இருபத்துநான்கில் நிற்காமல் ஓடியது. ஒயினுக்கு அது அதிகம்தான். ஆனாலும் ஏறி இறங்காத இருபத்துநான்கு என்பது சென்னையில் கிடைக்கிற ஐரோப்பா. பாட்டில்களை அவருடைய வாடகைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தேன். மேலே ஒருவர், கீழே நால்வர். எல்லோருக்கும் ஒரே வைத்தியம்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். காபிக்கு மேல் எந்தப் போதையும் அறியாதவர். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்.

"கட்டிலுக்கடியில என்னடா?"

"ஒயின்ப்பா. இப்போ குடிக்கறதுக்கு இல்லை. வெச்சுண்டிருக்கறதுக்கு."

"வெச்சுண்டு?"

"வருஷம் ஆக ஆக நன்னா ஆகும்."

அப்பா கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: "என்னைப் பாத்துமா நம்பறே?"

பகலில் அவரைக் கவனித்துக்கொள்ள வந்த அம்மாளின் குடும்பம், அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. பஸ் மாறி மாறி வருவார். "சரக்கு அடிச்சுட்டுத் தூங்கறவனைப் பாத்துகீறேன் சார். சரக்கைத் தூங்க வெக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்," என்றார்.

அப்பாவுக்கும் எனக்கும் பேச்சு என்பது செய்தித்தாளைக் கைமாற்றுவதோடு முடிந்துவிடும். ஒயின் வந்தபின் தினமும் ஒரு கேள்வி வந்தது. ஏன் படுக்க வைக்கிறாய்? கார்க் காய்ந்தால் என்ன? முதல் வருஷ முடிவில் சோதனைக்காக ஒன்றைத் திறந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நாகப்பழம் தின்னுட்டு மரப்பலகையை நக்கின மாதிரி."

"நாகப்பழமே வாங்கிண்டு வந்திருக்கலாமே."

இந்த முரட்டுத்தனம்தான் நல்ல அறிகுறி என்று அவருக்கு விளக்கினேன். அடுத்த வருஷம் இன்னொன்று. துவர்ப்பு மழுங்கி, பழைய தோல்பெட்டியும் உலர்ந்த அத்திப்பழமும் சேர்ந்த ஒரு வாசனை எழ ஆரம்பித்திருந்தது. சந்தோஷத்தில் கோப்பையை அப்பாவின் மூக்கருகே கொண்டுபோய்விட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்புவதற்கு முன் ஒருமுறை முகர்ந்தார்.

"அப்போ ஆயிண்டிருக்கு."

"ஆயிண்டிருக்குப்பா."

ஒயின்தான் ஆகிக்கொண்டிருந்தது. அப்பாவுக்குச் சாதம் கஞ்சியாகி, கஞ்சி நாலு ஸ்பூனாயிற்று. மார்கழியில் குளிர்கிறது என்றார். ரிமோட்டை எடுத்தேன்.

"ஏத்தினா அது கெட்டுடாதா?"

"கெட்டா கெட்டுட்டுப் போறதுப்பா."

"வேண்டாம். இன்னொரு போர்வை போடு."

அந்தம்மாள் போர்வையை உதறிக்கொண்டே சத்தம் போட்டார்: "தாத்தா, குளிர்றது உனுக்கா, பாட்டிலுக்கா? பாட்டிலுக்குன்னா சொல்லு, ஸ்வெட்டர் மாட்டி வுடறேன்."

அப்பா சிரித்தார். நான் இருபத்தேழில் வைத்தேன். எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். எண் அவர் கண்ணுக்குத் தெரியாது. இருபத்துநாலு என்றேன்.

சித்திரையில் ஒரு காலை போய்விட்டார். வாடகைக் கட்டிலை அன்றே எடுத்துக்கொண்டு போனார்கள். உயிர் பிரிந்த இடத்தில் விளக்கேற்றினார்கள். காரியம் முடியும்வரை அது அணையக் கூடாது. ஏ.சி. காற்றில் சுடர் ஆடியது. சாஸ்திரிகள் நிறுத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தினார்கள். அந்த அறைக்குள் ரொம்ப நாளைக்குப் பிறகு சென்னை நுழைந்தது.

"ரெண்டு பாட்டிலையும் தாத்தா வேட்டில சுத்தி பீரோல வெச்சுட்டேன் சார்," என்று அந்தம்மாள் சமையலறையில் கிசுகிசுத்தார். "உங்க ஆளுங்க பாத்தா நாறிப்பூடும்."

அதே அறையின் மேற்குச் சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோ. சித்திரை மாதத்தில் அதற்கு அடுப்பு என்று பெயர்.

எடுத்திருக்கலாம். ஆனால் என் அக்காவின் கணவர் நாற்காலியைச் சரியாக அந்த பீரோவில் சாய்த்துக்கொண்டு கருடபுராணம் பற்றி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 'கொஞ்சம் எழுந்திருங்கோ அத்திம்பேர், அப்பா வேட்டிக்குள் ஷிராஸ் இருக்கிறது' என்று எப்படிச் சொல்வது? ஒரு மத்தியானம் எல்லோரும் கூடத்தில் அசந்திருந்தபோது தனியாகப் போய் நின்றேன். பீரோ கதவு சுட்டது. கையை எடுத்துவிட்டேன். எவருக்காகக் குளிர் ஓடியதோ அவரே இல்லை, இனி எதைக் காப்பாற்றுவது என்று தோன்றியதா, வெறும் அசதியா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. விளக்குக்கு எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

எல்லாம் முடிந்து, உறவினர்கள் கிளம்பியபின் ஒன்றைத் திறந்தேன். சூட்டில் கார்க் மேலெழும்பி, வேட்டியில் கருஞ்சிவப்பாகக் கறை படிந்திருந்தது. ஒயினில் அத்தியும் இல்லை, தோலும் இல்லை. அடிப்பிடித்த ஜாம். அந்த மேட்டுத் தோட்டத்து ஒயின் எட்டு வருஷம் தாங்குமா என்று யாராவது கேட்டால், இரண்டு வருஷம்வரை நன்றாக ஆகிக்கொண்டிருந்தது என்று மட்டும் சாட்சி சொல்வேன். மிச்சத்தைச் சொல்ல இன்னும் யாருமில்லை.

கடைசி பாட்டிலைத் திறக்கவில்லை. கட்டில் இருந்த இடத்தில் வெறும் தரையில் கிடத்திவிட்டு ஏ.சி.யைப் போட்டேன்.

சில நாள் கழித்து, விட்டுப்போன புடவையை எடுத்துப்போக அந்தம்மாள் வந்தார். அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கு சார் ஓடிக்கினு கீது?"

தரையில் கிடந்த பாட்டிலைக் காட்டினேன்.

"அதான் பூட்ச்சுன்னு போன்ல சொன்னியே."

"ஆமாம். போயிடுத்து."

என்னை மேலும் கீழும் பார்த்தார். கேலிக்குத் தயாராக நின்றேன். வரவில்லை. உள்ளே போய், தினமும் உட்காரும் இடத்தில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார்.

"பஸ்ஸுக்கு நேரம் கீது," என்றார். "கதவைச் சாத்து சார். குளிர் பூடுது."