தானாக வர வேண்டிய சொல்

“மாவு பிசைஞ்சு அடுப்புல வெச்சு எடுப்பாங்களே, கறுப்பா, செங்கல் மாதிரி... அதுல ஒண்ணு,” என்று இன்னொகேந்தி சாவிச் கடையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரி ரொட்டியை எடுத்து வைத்தாள். “பேரைச் சொல்லிக் கேட்டா நாக்கு தேஞ்சுடுமா?”

“பாவம், விடு. பட்டணத்துல அதுக்கு இன்னும் பேரு வைக்கலையாம்,” என்றார் பின்னால் நின்றவர்.

பினேகா ஆற்றங்கரை ஊர்களின் பேச்சைத் திரட்டும் அகராதிப் பிரிவில் இன்னொகேந்தி சாவிச்தான் மூத்தவர். நான் அவருக்கு அடுத்த நாற்காலி. எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. தேடும் சொல்லை நாம் முதலில் உச்சரித்துவிடக் கூடாது. ஊர்க்காரர் மரியாதைக்காக அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். அந்தச் சொல் செல்லாது. சுற்றி வளைத்து அவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும். மற்ற நாங்களெல்லாம் வேலை முடிந்ததும் இந்தச் சட்டத்தைச் சட்டைபோலக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். இவர் அதைப் போட்டுக்கொண்டே தூங்குகிறவர். “வாயில திணிக்கக் கூடாது. தானா வரணும்,” என்பார். பல் வைத்தியரிடம்கூட எந்தப் பல் என்று சொல்லவில்லை; நல்ல பல் ஒன்று போனதுதான் மிச்சம்.

அவசரம் என்பது அவருக்குக் கிடையாது. அகராதி தொடங்கியபோது பிறந்தவர்கள் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறார்கள். நாங்கள் இன்னும் பாதி எழுத்துகளைத் தாண்டவில்லை. அதைச் சொன்னால், “சொல்லு எங்க ஓடிடப் போகுது?” என்று கேட்டுவிட்டுப் பென்சிலைச் சீவுவார்.

கோடைதோறும் நாங்கள் தங்குவது தைசியா யெகோரவ்னாவின் வீட்டில். ஐம்பதைத் தாண்டிய விதவை, ஆற்றில் படகு விடுகிறவள், சிரித்தால் அக்கரைக்குக் கேட்கும். அவள்மேல் இவருக்கு உயிர். ஊருக்கே தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னால்தானே? “ஒரு ஆணும் பெண்ணும் ஒரே வீட்டுல இருக்கலாம்னு முடிவு பண்ணா, அதை இங்க எப்படிச் சொல்வீங்க?” என்று போன வருடம் கேட்டார். அவள் மீனை அரிந்தபடியே ஊரில் புழங்கும் சொற்களையெல்லாம் அடுக்கினாள். இவர் முகம் விழுந்தது. கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது. கல்யாணம் பற்றி எங்களிடம் சேர்ந்திருக்கும் செல்வம் வேறு எந்த அகராதிக்காரரிடமும் இருக்காது.

இந்த வருடம் மர ஆலை மேஸ்திரி யெர்மொலாய் முந்திக்கொண்டான். ஆராய்ச்சி எதுவும் படிக்காதவன். நேராக வந்து, “என்கூட வந்துடுறியா?” என்று கேட்டுவிட்டான்.

மாலைத் தேநீரின்போது தைசியா அதை எங்களிடம் சொன்னாள். “நாளைக்கு அவனுக்குப் பதில் சொல்லணும். நீங்க ஏதாச்சும் சொல்ல வேண்டியது இருக்கா, இன்னொகேந்தி சாவிச்?”

“அதாவது... ஒருத்தங்க போயிடுவாங்களோன்னு ஒருத்தனுக்கு நெஞ்சை அடைக்குமே, அதுக்கு இந்தப் பக்கம்...”

“எங்கிட்ட வார்த்தை தீந்துபோச்சு. இருந்ததையெல்லாம் நீங்கதான் எழுதி எடுத்துட்டுப் போயிட்டீங்க.”

மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“போகாதீங்க,” என்றார். “என்னைக் கட்டிக்குங்க.”

“சரி. கட்டிக்கிறேன்.”

வெளிறிப்போய் அவர் என் பக்கம் திரும்பினார். “நான்தானே முதல்ல சொன்னேன்? நான் சொன்னதைத்தானே அவங்க திருப்பிச் சொல்றாங்க? இது செல்லாதே.”

எனக்கு அழுகையும் வந்தது, அவரை நாலு சாத்தவும் தோன்றியது. தைசியா, விருந்தாளிகளுக்கென்று கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் தங்க விளிம்புக் கோப்பையை அவர் முன்னாலிருந்து எடுத்தாள்; அதிலிருந்த தேநீரைத் தன்னுடையதைப் போன்ற நசுங்கிய எனாமல் குவளை ஒன்றில் ஊற்றி, அவர் கையருகே நகர்த்தி வைத்தாள்.