ஷாரிஷ் எங்கே இருக்கிறது?

குரொய்டனிலிருந்து என் அறை இருந்த தோர்ண்டன் ஹீத் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் குடிவரவு அலுவலகம் தந்த கடிதம் இருந்தது. இங்கிலாந்துக்கு வருமுன் ஏழு மாதம் எங்கே இருந்தேன் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் விளக்கவேண்டும். இல்லாவிட்டால் நான் சொன்ன மற்ற எதையும் நம்பமாட்டார்கள். அன்று புதன்கிழமை.

அன்று காலை விசாரணையில், ஸ்லோவாக்கியாவில் எந்தப் பிராந்தியம் என்று அதிகாரி அம்மா கேட்டார். ஷாரிஷ் என்றேன். அந்த அம்மா ஸ்லோவாக்கியாவின் மாவட்டப் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே இறக்கி, தலையை ஆட்டினார்.

"அப்படி ஒரு இடமே இல்லைன்னு சொல்றாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர். மதுரைப் பக்கத்துக்காரர். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அங்கத்தைச் சனம் அப்பிடித்தான் ஐயா சொல்லுதுகள்."

பிறந்த இடம் தென்மராட்சி என்று முதலிலேயே சொல்லியிருந்தேன். அதுவும் அவர்களின் பட்டியலில் இருக்கவில்லை. இரண்டாவது பொய்யைப் பிடித்ததுபோல் அந்த அம்மா பேனாவை மூடினார்.

பிழை என்னுடையதுதான். யாழ்ப்பாண மாவட்டம் என்பது அரசாங்கக் கச்சேரிக் கடுதாசியில் இருக்கிற பெயர். ஆளுக்கு ஆள் கேட்டால் வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம் என்றுதான் சொல்வோம். எட்டாம் வகுப்போடு நின்ற நான் போன தேசமெல்லாம் அப்படியே கேட்டுப் பழகிவிட்டேன். உக்ரேனிலிருந்து லொறியில் எல்லை தாண்டிக் காட்டுக்குள் ஒரு மர ஆலையில் நின்றபோதும், இது எந்தப் பகுதி என்றுதான் முதலாளியைக் கேட்டேன். ஷாரிஷ் என்றார் அவர்.

மரம் அரிகிற நேரம் போக அவர் கையாலும் அரைகுறை ஆங்கிலத்தாலும் கதை சொல்வார். எதிர்மலையில் இடிந்த கோட்டை ஒன்று நின்றது. இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒருகாலத்தில் அதற்கு அடங்கியதாம். அப்படிப்பட்ட நிலத்துக்கு ஜூபா என்று பெயர், அதன் தலைவன் ஜூபான். குடியானவன் தன் வயலை விட்டுவிட்டுப் பிரபுவின் வயலை உழவேண்டும். பிறகு ஹங்கேரிய அரசர்கள், பிறகு செக்கர்களோடு ஒரு நாடு, யுத்தம், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி, கடைசியில் புதிய நாடு. ஒவ்வொருவரும் வந்து எல்லைக்கோட்டை அழித்து வேறு கோடு கீறினார்கள். "நான் கட்டிலைக் கூட நகர்த்தவில்லை," என்று சிரிப்பார். பக்கத்துப் பகுதியான ஸ்பிஷ்காரரைப் பற்றி அவர் சொன்ன பகிடிகளை வடமராட்சியாரைப் பற்றி நாங்கள் சொல்வதாக மாற்றினாலும் பொருந்தும்.

இதையெல்லாம் அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

வழியில் நூலகம் திறந்திருந்தது. சரித்திரப் பூமிப்படம் கேட்டேன். நூலகப் பெண் தூக்கமுடியாத புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பழைய ஹங்கேரியப் படத்தில், வடக்கு விளிம்பில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. ஷாரோஷ் என்று ஹங்கேரியர் எழுதுகிற மாதிரி. மலையும் ஆறும் சரியாக இருந்தன. பிரதி எடுத்தேன்.

உறையில் முகவரி எழுதும்போது அலுவலகத்தின் கடிதத்தைப் பார்த்தேன். குரொய்டன், அடுத்த வரியில் சரே.

"சரேயா? அது பழைய மாவட்டம், குரொய்டன் லண்டனோடு சேர்ந்து எவ்வளவு காலம்!" என்றார் நூலகப் பெண். "ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறோம்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினேன். நீங்கள் சரே என்று எழுதுகிறீர்கள், நானும் அப்படித்தான் ஷாரிஷ் என்று சொன்னேன், படம் இத்துடன் இருக்கிறது. வாசலிலிருந்த தபால் பெட்டியில் போட்டேன்.

அறையில் என்னோடு இருந்த அண்ணை பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"உனக்கென்ன விசரே? நடுவிலை ஒரு நாட்டிலை நிண்டவனை அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிறாங்கள். தெரியாதே?"

"பொய்யன் எண்டெல்லோ எழுதப் பாத்தவை, அண்ணை."

"எழுதட்டும். இல்லாத இடத்துக்கு உன்னை எப்பிடியடா அனுப்புவாங்கள்? இப்ப நீயே தேடிப் பிடிச்சு, படமும் கீறிக் குடுத்திட்டாய்."

"போட்டிட்டன்."

"பெட்டிக்குள்ளை கையை விட்டு எடுக்க ஏலாதோ?"

இருவரும் சிரித்தோம். பிறகு அண்ணை சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"இஞ்சை நிண்டு கதவைப் பாத்துக்கொண்டிராதை. ஹவுன்ஸ்லோவிலை என்ரை சிநேகிதன் ஒருத்தன் நிக்கிறான். போய்ப் பார், வேலை எடுத்துத் தருவான். கடிதம் வந்தால் நான் ரெலிபோன் எடுக்கிறன்."

மறுநாள் காலை ஹவுன்ஸ்லோவில் வேலைக்குச் சேர்ந்தேன். விமானச் சாப்பாட்டுத் தட்டுகளுக்குக் கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி மூன்றையும் கடுதாசித் துண்டில் சுற்றி வைக்கிற வேலை. தகரக் கூரைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப் போயின. ஒவ்வொரு தள்ளுவண்டியிலும் அது போகிற ஊரின் பெயர் அட்டையில் தொங்கியது. அதை வாசிக்காமல் என்னால் கரண்டியைத் தொட முடியவில்லை. மூன்றாவது வண்டியில் வியன்னா என்று இருந்தது. அங்கிருந்து மர ஆலைக்கு ஒரு நாள் பயணம்.

"தம்பி, வாசிக்கவே வந்தனீர்?" என்றார் அண்ணையின் சிநேகிதர். "சுத்தும்."

சுற்றினேன்.