அடியில் முள் இல்லாத எலும்பு

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பே நான் ஊருக்கு வந்ததில் மைனிக்குச் சந்தோஷம்தான். அவள் புருஷனான என் அண்ணன் கத்தாரில் வேலை பார்க்கிறான். புதுக்கடைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் மைனி மட்டும்தான் இருந்தாள். வேலையில் சிக்கல் என்று நான் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நெய்மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"ஏட்டி, நீ லீவுக்கு வந்தியா, இல்ல ஓடி வந்தியா?"

கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நான் பாம்பு எலும்புகளை ஆராய்கிறவள். கிட்டத்தட்ட ஐந்து கோடி வருடங்களுக்கு முன் செத்துக் கல்லாகிப்போன பாம்புகள். பாம்பால் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது, வெளியே இருக்கும் சூட்டை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். உடம்பு பெரிதாகப் பெரிதாக அது வாழும் இடமும் சூடாக இருந்தாக வேண்டும். மிகப் பெரிய பாம்புகள் இன்றும் வெப்பமண்டலத்தில்தான் இருக்கின்றன. அதனால் பழைய பாம்பின் நீளம் தெரிந்தால், அது வாழ்ந்த காட்டின் வெப்பத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். குஜராத்தில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, பாம்பின் முதுகுத்தண்டைச் சேர்ந்த ஒற்றை முள்ளெலும்பை வைத்து நான் அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன்.

விடைதான் வம்பாகிவிட்டது. நான் சொன்ன சூட்டில் மரம் நிற்காது. அதே மண்ணடுக்கில் கிடைத்த இலைப் பதிவுகளோ மழை கொட்டும் அடர்ந்த காட்டைக் காட்டின. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியாகிவிட்டது. ஆய்விதழுக்காக அதைப் படித்துப் பார்த்தவர்களில் ஒருவர், இந்தக் காட்டில் இலைகள் வெந்துபோகாமல் எப்படி இருந்தன என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் கிடைக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்றார் என் பேராசிரியர். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னார். மூன்று வருட வேலை.

"அப்ப ஓடித்தான் வந்திருக்க" என்றாள் மைனி.

"முழுசா ஓடி வரல்ல மைனி. கீரிப்பாறையில ஒரு மலைப்பாம்பு கெடக்கு. அதப் பாக்கணும்."

கத்தி நின்றது. "உசுரோடயா?"

"எலும்பு."

மழை வெள்ளத்தில் அடித்து வந்து செத்த பாம்பு அது. வனத்துறைக்காரர்கள் அதைப் புதைத்து, சதை மக்கிய பிறகு எலும்பை எடுத்து, காட்சிக்கு வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். தலையிலிருந்து வால்வரை வரிசை தப்பாத ஒரு முழு மலைப்பாம்பு கிடைப்பது அபூர்வம். என் கணக்கு எங்கே பிசகியது என்று தெரியாவிட்டாலும், அதை அளந்து பார்த்தால் ஏதாவது பிடி கிடைக்கும் என்று நினைத்து முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன்.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலை மைனிதான் கூட்டிப் போனாள். அவள் கடியப்பட்டணத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் சபைக்கு வந்தவள். ஆனாலும் பயம் வந்தால் மாதாவைத்தான் கூப்பிடுவாள். ரப்பர்க் காட்டுக்குள் வளைவுகள் தொடங்கியதும் நாலைந்து தடவை கூப்பிட்டாள்.

வனத்துறை அலுவலகத்தின் பின்னறையில் எலும்புகளை மெல்லிய கம்பியில் கோத்துத் தரையில் நீட்டிப் போட்டிருந்தார்கள். முந்நூறுக்கும் மேல் இருக்கும். வனக்காவலர் எங்களிடம் ஒன்றைத்தான் வலியுறுத்தினார்.

"மேடம், வரிசை மட்டும் மாறிராம பாத்துக்கிடுங்க. கோக்கதுக்கே ரெண்டு வாரம் ஆச்சு."

நான் வெர்னியர் அளவியை வைத்து அளந்து எண்களைச் சொன்னேன். வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து மைனி நோட்டில் எழுதினாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி உள்ளே வந்தது. அப்புறம் நாற்காலியையே விட்டுவிட்டு என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, முதல்ல உள்ளதுக்கெல்லாம் அடியில ஒரு முள்ளு இருந்துச்சே. இப்பக் காணல்லியே?"

"தலைப்பக்கத்து எலும்புக்குத்தான் அது உண்டு மைனி. நடு ஒடம்புக்கு வந்தா சும்மா ஒரு வரப்பு மாதிரி இருக்கும்."

"ஒனக்க பாம்புக்கு?"

"முள்ளு ஒடஞ்சுபோச்சு. அடிக்கட்டை மட்டும் இருக்கு. அத வச்சுத்தான் தலைப்பக்கத்து எலும்புன்னு எழுதினேன்."

"ஒடஞ்ச எடம் எப்பிடி இருக்கு? எலும்பு ஒடஞ்சா உள்ள ஓட்டை ஓட்டையாத் தெரியும்லா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அந்த அடிக்கட்டையை லென்ஸில் வைத்துப் பார்த்த ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்ததெல்லாம் முதல் மாதம்தான். கல்லாக இறுகிய களிமண்ணை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு திரட்சி தெரிந்ததும், இன்னும் சுரண்டினால் எலும்பு போய்விடும் என்று பயந்து நிறுத்திவிட்டேன். 'உடைந்த அடிமுள்' என்று குறித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தக் குறிப்பைத்தான் பார்த்தேன், எலும்பைப் பார்க்கவில்லை.

பாம்புக்குத் தலைப்பக்கத்து எலும்பு சிறியது, நடு உடம்பு எலும்பு பெரியது. தலைப்பக்கத்து எலும்பே அவ்வளவு பெரியது என்றால் பாம்பு பூதாகாரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்தத் திரட்சி முள்ளே இல்லை, ஒட்டிக்கொண்ட களிமண்தான் என்றால் அது நடு உடம்பு எலும்பு, பாம்பு சுருங்கிவிடும், சூடும் இறங்கிவிடும். கையிலிருந்த வெர்னியரைக் கீழே வைத்தேன்.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. மிச்ச எலும்புகளை அவசரமாக அளந்து முடித்து, காவலருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம். தடிக்காரன்கோணம் வந்ததும் போன் உயிர்பெற்றது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் தோழியைக் கூப்பிட்டு, அலமாரியிலிருந்து எலும்பை எடுத்து அந்தத் திரட்சியை நுண்ணோக்கியில் வைத்து ஊசியால் மெல்லச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆகும் என்றாள்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். மைனி எனக்கு ஒரு பழம்பொரி வாங்கித் தந்தாள். நான் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டேன்.

"மண்ணா இருந்தா நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள்.

"மண்ணா இருந்தா நான் மூணு வருசம் முட்டாளா இருந்திருக்கேன்னு அர்த்தம்."

"எலும்பா இருந்தா?"

"அப்பவும் முட்டாள்தான். ஆனா ஏன்னு தெரியாது."

"அப்ப மண்ணா இருக்கட்டும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் ஆகவில்லை. தோழி முதலில் ஒரு படம் அனுப்பினாள். ஊசிமுனையில் உதிர்ந்த சாம்பல் நிறக் களிமண் துகள்கள். அடுத்த படத்தில் எலும்பின் அடிப்பக்கம். முள்ளும் இல்லை, முள் ஒடிந்த தடமும் இல்லை. வழுவழுப்பாக ஒரு சிறிய வரப்பு மட்டும் ஓடியது. காலையில் நான் கையில் புரட்டிப் பார்த்த எலும்புகளில் ஓடியதைப் போலவே.

மைனியிடம் போனை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அப்புறம் அழுகை வந்தது. டீக்கடைக்காரர், "என்னம்மா, ஊர்ல ஏதாவது?" என்று பதறினார். மைனி, "ஒண்ணும் இல்லண்ணே, நல்ல சேதிதான்" என்று சொல்லி இன்னும் இரண்டு டீ போடச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டில் புது அளவுகளை வைத்துக் கணக்கை மறுபடி போட்டேன். பாம்பு பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. அப்போதும் இன்றைய எந்தப் பாம்பையும்விடச் சின்னதல்ல. காடு நம் காடுகளைவிடச் சூடாகத்தான் இருந்திருக்கிறது, ஆனால் மரம் நிற்கக்கூடிய சூடு. இலைகள் சொன்னதோடு அது ஒத்துப்போனது. பேராசிரியருக்கு நடந்ததை நடந்தபடியே எழுதினேன், முதல் மாதத்தில் நான் பயந்து நிறுத்தியது உட்பட.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மைனி என்னை எழுப்பவில்லை. சபையில் யாரோ கேட்டதற்கு, பாவம் தூங்கட்டும், பல நாள் தூக்கம் பாக்கி என்று சொல்லிவிட்டு வந்தாளாம். திங்கட்கிழமை பேராசிரியர் கூப்பிட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் குரலைக் கேட்டால் வழக்கமாக எழுந்து நின்றுவிடுவேன். அன்றைக்கு உட்கார்ந்தபடியே பேசினேன். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம், திருத்தி அனுப்பலாம் என்றார்.