ஒப்புக்குச் சப்பாணி

எம். புதுப்பட்டி முருகம்மாளுக்கு வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. ஏழாவது நாள் மகளுக்கு விளையாட்டுக் கூட்டாளி பிடிக்கிற வேலை. மகள் வேல்விழி நாலு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். நடை திரும்பியது, பேச்சும் திரும்பியது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்கிற அளவு மட்டும் திரும்பவில்லை.

ஒன்பது வயதில், 2006-ல், தெருப் பிள்ளைகளின் கண்ணாமூச்சியில் அதுதான் வம்பாயிற்று. ஒளிந்த இடத்தைவிட்டு வெளியே வந்து, "செல்வியக்கா தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கா!" என்று கூவிவிடுவாள்.

"இவளச் சேத்தா ஆட்டமே கெடுது அத்தை" என்று முருகம்மாளிடம் சொன்னாள் பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி.

"ஒப்புக்குச் சப்பாணியாவாச்சும் வச்சுக்கங்கடி."

வைத்துக்கொண்டார்கள். சப்பாணி ஓடலாம், ஒளியலாம். பிடிபட்டாலும் கணக்கில்லை, கண்ணைப் பொத்தி நிற்கவும் வேண்டாம். முருகம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. சேர்த்துக்கொள்வதும் பொருட்படுத்துவதும் ஒன்றல்ல என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருகம்மாள் துணி அலசிக்கொண்டிருந்தபோது வேல்விழி அழுதபடி ஓடி வந்தாள். "நான் அவுட்டாம்மா! கண்ணப் பொத்தணுமாம்!"

முருகம்மாள் ஈரக் கையோடு தெருவுக்குப் போனாள். "ஏட்டி செல்வி, அவ சப்பாணில்ல?"

"யாரு சொன்னா? ரெண்டு வாரமா அவ ஒருத்தரையும் காட்டிக் குடுக்கல. நேத்து நான் இருந்த எடம் தெரிஞ்சும் வாயப் பொத்திக்கிட்டு நின்னா. இனி என்ன சப்பாணி? அவளும் கண்ணப் பொத்தட்டும்."

மகளின் இந்த மாற்றத்தை முருகம்மாள் அதுவரை கவனிக்கவே இல்லை. 'விட்டுருங்கடி' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்திருந்தது. அதைச் சொன்னால் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். மகள் பழையபடி சப்பாணியாகிவிடுவாள். அழுகிற மகளைப் பார்த்தபடி அந்தச் சொல்லை விழுங்குவது லேசாக இல்லை.

"போ, போய்ப் பொத்து" என்றாள்.

வேல்விழி மின்கம்பத்தில் முகத்தைப் புதைத்து எண்ணினாள். பன்னிரண்டுக்குப் பிறகு இருபதுக்குத் தாவினாள்.

"ஏய், கள்ள ஆட்டம்!" சுவருக்குப் பின்னாலிருந்து பாண்டிச்செல்வி கத்தினாள். "மொதல்ல இருந்து எண்ணு, கழுத!"

வேல்விழி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.