வைக்கோல் போர் கட்டிய நாள்

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கொரட்டூர் ஏரிக்கு மேற்கே, ரயில் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் நடை. அங்கே புரட்டாசி முடியும்போதே மழைக்கான வேலைகளைத் தொடங்கிவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் எந்த நாளில் காற்று வரும் என்று யாருக்கும் தெரியாது. வராமலும் போகும். ஆனால் வரும் என்று நினைத்துத்தான் ஓடு மாற்றுவார்கள், கூரை வேய்வார்கள், விறகை உள்ளே அடுக்குவார்கள்.

நான் சொல்லப்போவது யுத்த காலத்தில் ஒரு வருடம். எனக்கு இருபத்திரண்டு வயது. கைக்குழந்தை ஒன்று இருந்தது. மாமியார் முந்தின வருடமே போய்விட்டார். மாமனார் பக்கவாதத்தில் விழுந்து உள்ளறையில் கிடந்தார். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. என் கணவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் குமாஸ்தா. விடிந்தும் விடியாமலும் ரயிலுக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அதனால் அந்த வருடம் வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பு முழுவதும் என்னுடையதாயிற்று. எனக்கு அதில் பயமும் இருந்தது, கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தார்கள். சேரியிலிருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அங்கே போய்விட்டார்கள். எங்கள் நிலத்தில் தலைமுறையாக வேலை செய்த குடும்பத்தில் ஒருவர் மட்டும் போகாமல் இருந்தார். முப்பது வயதிருக்கும். அப்போதெல்லாம் நான் அவரை அவன் என்றுதான் சொல்வேன், வா போ என்றுதான் பேசுவேன். இப்போது எழுத உட்கார்ந்தால் கை அப்படி எழுத மறுக்கிறது. அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருவாள். அவர்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண், அதற்குக் கீழே ஒரு பையன்.

வேலை ஆறு நாள் நடந்தது. வீட்டின் முன்பகுதி நாட்டு ஓடு, உடைந்ததை மாற்றினார். சமையல்கட்டும் மாட்டுக் கொட்டகையும் பனையோலைக் கூரை. இரண்டையும் பிரித்துப் புதிதாக வேய்ந்தார். விதைநெல் இருந்த குதிருக்கு அடியில் கல் கொடுத்து உயர்த்தினார். கொல்லைப்புறத்தில் தண்ணீர் வடியக் கால்வாய் வெட்டினார். நான் அரிசியை இடித்து மாவாக்கி வறுத்து வைத்தேன். அப்பளம், வற்றல், உப்பு எல்லாவற்றையும் பானைகளில் போட்டு வாய் கட்டினேன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் இலுப்பை எண்ணெய் சேர்த்து வைத்தேன். வறட்டியைச் சமையல்கட்டின் ஒரு சுவர் முழுக்க அடுக்கினேன். உள்ளறையிலிருந்து மாமனார் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஆயிற்றா, ஆயிற்றா என்று. ஆயிற்று என்று சொல்லும்போது எனக்கு நிறைவாக இருக்கும்.

ஆறாம் நாள் மதியம், நெல் குத்திக்கொண்டிருந்த அவர் மனைவி உலக்கையை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னாள். ஓலை மூன்று வருடத்துப் பழசு, தொட்டால் பொடிகிறதாம். புது ஓலை வெட்டி, படிவதற்காகக் கல்லேற்றி வைத்திருக்கிறார்களாம். நாளைக்குப் புருஷன் வந்துவிடுவான் என்று அவளே காலையில் ஒரு பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டாளாம். நான் கேட்டுக்கொண்டேன். நன்றாக நினைவிருக்கிறது. ம் என்று சொன்னேன்.

அன்று மாலை கணவர் வந்ததும் வராததுமாகத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றார். கிடங்கில் எல்லாரும் அதைத்தான் பேசினார்களாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ காற்று கரைக்கு வரும் என்று கப்பல்காரர்கள் சொன்னார்களாம். அவர் கால் கழுவப் போனார். எனக்கு உடனே வைக்கோல் போர் ஞாபகம்தான் வந்தது.

முந்தின வருடம் போரைச் சரியாக மூடாமல் விட்டதில் பாதிக்கு மேல் நனைந்து மக்கிப்போயிற்று. மாசி, பங்குனியில் மாடுகளுக்குத் தீனியில்லை. கறவைப் பசு ஒன்று எலும்பும் தோலுமாகி என் கண்ணெதிரே விழுந்து செத்தது. மாமனார் அதற்கு என்னைத்தான் சொன்னார். இந்த வருடம் போரின் தலையில் ஓலை வேய்ந்து, வைக்கோலைக் கயிறாகப் பிரி திரித்து, கல் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் அது அந்த ஆறு நாளில் சேரவில்லை.

அதே நேரத்தில் கூரை வேய்ந்தவர் கொல்லை வாசலில் வந்து நின்றார். பனைநார் கட்டு ஒன்றைக் கீழே வைத்துவிட்டு, மறுநாள் தன் வீட்டு வேலைக்குப் போக உத்தரவு கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் இரு. போர் கட்டணும். அது முடிஞ்சா உன்னெ கூப்பிடவே மாட்டேன்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார்.

"மானம் ஒரு மாரியா கீதும்மா" என்றார்.

"ஐப்பசின்னா அப்படித்தான் இருக்கும். இன்னா புதுசா?"

புயல் கூண்டைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்து சொல்லாமல் விடவில்லை. சொன்னால் தன் வீட்டுக்குப் போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் முழுவதும் போர் மேல்தான் இருந்தார். நான் வைக்கோல் பிரி திரித்துக் கொடுத்தேன். அவர் மனைவி கல் பொறுக்கி வந்து கொடுத்தாள். காலையிலிருந்தே காற்று இல்லை. இலை அசையவில்லை. வானம் செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியதுபோல் இருந்தது. மூன்று மணிக்குத் தூற்றல் போட்டது. வேலை முடிந்து அவர்கள் இருவரும் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனதை நான் பார்த்தேன். கணவர் அன்று வரவில்லை. பட்டணத்திலேயே மழையில் மாட்டிக்கொண்டார்.

விடியும்போது காற்று வந்துவிட்டது. வடக்கிலிருந்து அடித்தது. முதலில் முருங்கை போயிற்று, பிறகு வேலி. பகல் பத்து மணிக்கு வீட்டுக்குள் விளக்கேற்ற வேண்டியிருந்தது. ஓடுகள் தடதடவென்று ஆடின, ஆனால் ஒன்றும் கழன்று விழவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மாமனாரின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, போர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். கட்டியது கட்டியபடி நின்றது. நிற்கிறது என்று சொன்னேன்.

உச்சிப்பொழுதில் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் காற்று என்னைச் சுவரில் தள்ளியது. போர் கட்டியவர் தோளில் பெண்ணைப் போட்டுக்கொண்டு நின்றார். மனைவி பையனை வயிற்றோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். நால்வர் மேலும் சேறு. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே கூரை முழுவதும் பறந்துவிட்டதாம். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கலங்கல் வழிந்து சேரிக்குள் முழங்கால் தண்ணீர். வேறு எங்கும் போக வழியில்லாமல், பெண்ணின் மேல் புது ஓலையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அத்தனை நேரமும் குட்டிச்சுவரோரம் நின்றிருக்கிறார்கள்.

நான் அவர்களை மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பினேன்.

மாமனார் ஒத்துக்கொள்ளமாட்டார் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் பலரிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். உண்மை என்னவென்றால் நான் அவரிடம் கேட்கவேயில்லை. கொட்டகையில் ஒழுக்கு இல்லை, அந்தப் பெண்ணின் அப்பா வேய்ந்த கூரை அது. ஆனால் மூன்று பக்கம்தான் சுவர். நான்காம் பக்கம் வழியாகச் சாரல் உள்ளே வந்துகொண்டே இருந்தது. பழைய கம்பளி ஒன்று, வறட்டி, நெருப்பு, கஞ்சி எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணுக்கு உதடு நீலமாக இருந்தது. பல் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். உள்ளே வருகிறீர்களா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் அம்மாவே முந்திக்கொண்டாள். "பரவால்லம்மா, இங்கியே கீறோம்" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில் காற்று ஓய்ந்தது. பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த நாள் ஜன்னி. சுக்கும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நெற்றியில் பற்றுப் போட்டேன். பூந்தமல்லிக்குக் கொண்டுபோனால் வைத்தியம் கிடைக்கும் என்று வண்டியைப் பூட்டச் சொன்னேன். ஆனால் சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன, வண்டி ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அவர் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நடந்தே புறப்பட்டார். திருவேற்காடு வரைக்கும்கூடப் போகவில்லை. ஆறு கரைபுரண்டு ஓடியதால் திரும்பிவிட்டார். திரும்பி வந்தபோது தோளில் இருந்த பெண்ணுக்கு உயிர் இல்லை. அவர் அதை எங்களிடம் சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய் அவளைக் கம்பளியில் கிடத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். அவள் அம்மா தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அதே நாள் சாயங்காலம் என் கணவர் தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்து சேர்ந்தார். ஓடு, கூரை, குதிர், போர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். ஊரில் இவ்வளவு சேதமில்லாத வீடு இன்னொன்று இல்லை என்றார். மாமனார் உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு, கெட்டிக்காரி என்றார். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சமையல்கட்டுக்குப் போய் வறட்டி அடுக்குக்கு எதிரே வெகுநேரம் நின்றேன். அழுகை வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வேலைக்கு வந்தார். விழுந்த வேலியைக் கட்டினார். நான் கொல்லையில் போய் நின்றேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மாலையே புயல் வருவது எனக்குத் தெரியும், உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். இப்படித் திக்கித் திக்கி நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் முள்ளை அழுத்திக் கட்டிக்கொண்டே பேசினார்.

"எனக்கும் தெரியும்மா. நாரு கட்டிகினு வரச்சொல்லோ, வழியில, ரயிலெறங்கி வந்த ஐயா பார்த்து சொன்னாரு. பொயல் வருதாம், உசாரா இருன்னு."

"தெரிஞ்சா ஏன் இருந்தே?"

"நீங்க இருன்னீங்க. இருந்தேன்."

குரலில் கோபமில்லை. அடுத்த முள்ளை எடுக்கக் குனிந்தார். நான் என் பொய்தான் அந்தக் குழந்தையைக் கொன்றது என்று அந்த வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லாவிட்டாலும் அவர் இருந்திருப்பார் என்று அப்போதுதான் விளங்கிற்று. வானம் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னது, நானாகவே போ என்று சொல்வேனா என்று பார்ப்பதற்கு. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க அவரால் முடியாது. அந்த முடியாமையை நாங்கள் எத்தனையோ காலமாக எங்கள் சௌகரியமாக வைத்திருந்தோம்.

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். பிறகு, ஏரி உடையாமல் இருந்ததே பெரிது, எத்தனை ஊரில் எத்தனை பேர் போனார்களோ என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தை பிறந்ததும் அந்தக் குடும்பத்தார் ஆவடிக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ள வரவில்லை. நெல் குத்த ஆள் வராமல் போனதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாமனார் நன்றிகெட்டவர்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தரம்தான். அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பின் அவர் சாகும்வரை என்னிடம் வேண்டியதை மட்டும்தான் கேட்டார்.

யுத்தம் முடிந்த பிறகு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக ஆவடிக்குப் போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே தலையில் தகரம் சுமந்து வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். காக்கி நிஜார் போட்டிருந்தார். தகரத்தை இறக்கி வைத்துவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வேண்டாம் என்றேன். கேட்காதவர்போல் நின்றார். நல்லா கீறீங்களாம்மா, பெரியவர் எப்படிக் கீறாரு என்று விசாரித்தார். பையன் பள்ளிக்கூடம் போகிறானாம். மனைவி பட்டாளத்து வீடு ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறாளாம். இன்னொரு குழந்தை பிறந்திருக்கிறதாம், அதுவும் பெண்தான்.

எனக்கு வெகுநாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இறந்துபோன பெண்ணை நான் குட்டி, பாப்பா என்றுதான் கூப்பிட்டிருந்தேன். மூன்று நாள் என் கொட்டகையில் கிடந்தாள், அவள் பெயர் எனக்குத் தெரியாது. அதைக் கேட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"எதுக்கும்மா இப்போ?"

கேட்டுவிட்டு அவரே பெயரைச் சொன்னார். பிறகு தகரத்தைத் தலையில் ஏற்ற ஒரு கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். அவர் கொட்டகைகள் இருந்த பக்கம் நடந்து போனார். அந்தப் பெயரை அவரைக் கேட்காமல் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.