தள்ளிப் போகாத மலை

அந்தப் பெயிண்டரைத் தெரிந்தவர்கள் ‘பூட்டு’ என்றே சொன்னார்கள். சோற்று டப்பாவுக்கே பூட்டுப் போடுகிறவர். பிரஷ்களை எண்ணி வைப்பார். எண்ணிக்கை சரியாக இருந்தால், எவனோ பிரஷை மாற்றி வைத்துவிட்டான் என்று முகர்ந்து பார்ப்பார்.

அவர் பிழைப்போ சுவரில் தூரத்தை வரைவது. முன்குன்றுக்குக் காவியும் மஞ்சளுமாகச் சூடான நிறம்; பின்னால் போகப் போகச் சூடு தணிய வேண்டும்; கடைசி மலை வெளிறிய நீலத்தில் குளிர்ந்து கிடந்தால்தான் நாலு மைல் தள்ளி நிற்கும். மனிதர்களையும் அப்படித்தான் நிறுத்தி வைத்திருந்தார்.

இப்போது வரைந்துகொண்டிருந்த பல் டாக்டரின் காத்திருப்பு அறை மிகக் குறுகல். சுவரை முழுதாகப் பார்க்க, தெருவைக் கடந்து எதிரோரம் போய், கண்ணாடி முகப்பு வழியாகத்தான் பார்க்க வேண்டும். அவர் போகவில்லை. பதினொரு வருடமாகக் கூட வேலை செய்யும் மைத்துனன், போட்டிக் கடைக்காரனோடு சிரித்துப் பேசியதைக் கண்ணால் கண்டிருந்தார். டப்பாக்களை அவனிடம் விட்டு நகர்வதா? அவன் பிரஷ் கழுவப் போகும்போதெல்லாம், திருட்டுத்தனமாக நீலத்தைக் கூட்டியிருப்பான் என்று கணக்குப் போட்டு, கடைசி மலையில் காவியை ஏற்றிச் சரிசெய்தார்.

நாலாம் நாள் மைத்துனன் தெருவிலிருந்து வந்து, பின்மலை மூஞ்சியில் மோதுகிற மாதிரி இருப்பதாகச் சொன்னான். வெளியே கிளப்பப் பார்க்கிறான் என்று பெயிண்டர் அசையவில்லை.

“மனசுல இருக்கறதக் கேட்டுடுங்க மாமா. இல்லேன்னா இன்னையோட நின்னுக்கறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கங்க.”

அவன் போனால் டாக்டர் சொன்ன கெடுவுக்குள் சுவர் முடியாது. வீட்டிலும் சோறு இறங்காது. பெயிண்டர் எல்லா டப்பாவையும் கையில் கோத்துக்கொண்டு தெருவைக் கடந்து திரும்பிப் பார்த்தார்; மைத்துனனும் கூட வந்து நின்றான். கடைசி மலை செங்கல் சூளை போலக் கனன்றுகொண்டு, நாற்காலிகளின் மடியில் ஏறி உட்காரத் தயாராக இருந்தது.

“இதுல காவி போட்டது யாரு?”

“காவி டப்பா சாவி உங்க இடுப்புலதான இருக்கு மாமா.”

பெயிண்டர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நீல டப்பாவை மட்டும் நீட்டினார். மைத்துனன் உள்ளே போய் நீலத்தைக் கலந்து பூச, இவர் தெருவிலிருந்தே கையசைத்தார். பூச்சுக்குப் பூச்சு மலை குளிர்ந்து பின்வாங்கியது.

தன் மனதில் இருந்த நீலத்தை, சொல்லாமலே இவன் எப்படிக் கலந்தான்? கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால், இன்னுமா சந்தேகம் என்று போய்விடுவான். பெயிண்டர் மிச்ச டப்பாக்களை அணைத்தபடி, வாய் திறக்காமல் நின்றார்.