பெண் வீட்டு ஓட்டக்காரன்

எங்கள் திருத்தணியில் ஓடுகிறவனுக்கு ஒரு காரணம் வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடலாம், நாய்க்குப் பயந்து ஓடலாம். சும்மா ஓடினால் நிறுத்தி வைத்து விசாரிப்பார்கள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த ஏதோ ஒரு வருஷம். ஆந்திரப் பக்கத்து மலைகளில், ரோட்டையே தொடாமல் காட்டுப்பாதையில் ஓடும் நெடுந்தூர ஓட்டம் ஒன்று நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்துவிட்டேன். வேலை அரக்கோணத்தில் ஒரு சைக்கிள் கடையில். அதனால் ரயிலுக்குப் போவதற்கு முன் விடியற்காலையில்தான் பயிற்சி. கோயில் படிக்கட்டுப் பக்கம் தலைவைக்க மாட்டேன். மலைக்குப் பின்புறம் ஆடுகள் நடந்து நடந்து போட்ட தடம்தான் எனக்கு. சரளைக்கல்லும் முள்ளும் சீத்தாப்பழப் புதருமாக இருக்கும். அங்கே ஆடு மேய்க்கும் அக்கா, நான் ஓடி வருவதை முதல்நாள் பார்த்ததும் தன் ஆடுகளை ஒருமுறை எண்ணிக்கொண்டார். கீழே டீக்கடைக்காரருக்குத் தினமும் ஒரே கேள்வி: "பஸ்ஸ உட்டுட்டியா நைனா?" இந்தப் பேச்சையெல்லாம் கேட்பதற்காகவே இன்னும் நாலு நாள் சேர்த்து ஓடலாம்.

சிக்கல் என் தங்கை கல்யாணத்தில் வந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து நல்ல இடம். பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. வாய்விட்டுச் சொல்லவில்லை, தூசியே படியாத அவன் போட்டோவை அடிக்கடி எடுத்துத் துடைத்து வைத்தாள். பெண் பார்க்க வருவதற்கு முன், அந்தத் தெரு டீக்கடையில் உட்கார்ந்து குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடைக்காரர் எங்களை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். கடைசியில், பொய் சொல்லக்கூடாதே என்று, அண்ணன்காரன் மட்டும் காலையில் மலையில் ஓடுகிறான், ஏனென்று தெரியவில்லை என்று சேர்த்திருக்கிறார்.

அந்த "தெரியவில்லை" ஆர்.கே.பேட்டை போய்ச் சேர்வதற்குள் "என்னமோ இருக்குது" ஆகிவிட்டது. தரகர் வந்து, பெண் வம்சத்தில் யாருக்காவது புத்தி பேதலித்தது உண்டா என்று நாசூக்காகக் கேட்டார். அம்மா என் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னாள். தங்கை என் ஷூவைப் பரண்மேல் போட்டாள். பெயர் கொடுத்தவன் சும்மா இருப்பேனா? எடுத்து மாட்டிக்கொண்டு, டீக்கடையைத் தவிர்த்துப் பின்தெரு வழியாகப் போனேன்.

அங்கே, தடம் தொடங்குகிற இடத்தில், தோளில் துண்டோடு ஒரு பெரியவர் நின்றிருந்தார். சாமி பார்க்க வந்தவராம், காலாற நடக்கலாமென்று பார்க்கிறாராம், கூட வரட்டுமா என்றார். பேச ஆள் கிடைத்தால் எனக்குப் போதும். செங்குத்து ஏற்றத்தில் முழங்காலில் கையை ஊன்றி நடக்கவேண்டும், இறக்கத்தில்தான் ஓட்டம் என்று வித்தையெல்லாம் விளக்கினேன். இறக்கம் வந்தது. அவர் புதரைப் பிடித்துப் பிடித்து இறங்கியதால் நானும் கூடவே நடந்தேன். என் சம்பளம், தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார், சொன்னேன். எங்கப்பாவுக்குக் கோபம் வருமா என்று கேட்டபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதையும் விளக்கமாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள். முதல் ஆளாகப் படியேறியவர் அதே பெரியவர். மாப்பிள்ளையின் பெரியப்பா. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"பையன் மலையில ஓடிகினு கீறான்னு சொன்னாங்க. நானே கூடப் போய்ப் பாத்தேன். ஓட்டமெல்லாம் ஒண்ணும் கெடையாது, நடக்குறான். அதுவும் வாய் ஓயாம பேசிகினு. தெளிவான பையன்."

அவர்கள் பக்கத்து முகங்களெல்லாம் மலர்ந்தன. எனக்கோ உள்ளுக்குள் கொதித்தது. ஏற்றம், இறக்கம், கால் வைக்கும் முறை, எல்லாவற்றையும் சபையில் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சமையல்கட்டு வாசலில் காப்பித் தட்டோடு தங்கை நின்றிருந்தாள். அவள் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கொலையும் இருந்தது.

"இன்னா நைனா, நான் சொல்றது செரிதானே?" என்றார் பெரியப்பா.

"ஆங், நடக்குறதுதாங்க," என்றேன்.

தட்டிலிருந்த டம்ளர்கள் கலகலத்தன. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். அன்றைக்கே ஒப்புத் தாம்பூலம் மாற்றினார்கள். கிளம்பும்போது பெரியப்பா என் தோளில் தட்டி, எல்லார் முன்னாலும் ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"நடக்குறத மட்டும் உட்டுடாத. ஒடம்புக்கு நல்லது."